வேடத்துக்கு வயது உண்டா?

சென்ற வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசை அடங்கிச் சிறிது நேரம் ஆகியிருந்தது. ஜம்பட்டா வீதியின் இரைச்சலுக்குப் போட்டியாக என் வீட்டு விறாந்தையிலும் ஓர் இரைச்சல் எழுந்தது. உயர்தர வகுப்பில் பயிலும் இரண்டு மாணவர்கள், என்னிடம் கணக்குக் கேட்க வந்தவர்கள், கணக்கை மறந்து சொற்போரில் இறங்கிவிட்டனர். படக்கதைகளில் வரும் மாவீரர்களைத் திரையில் நடிப்பவர்களின் வயதே வழக்குக்குரிய பொருள்.

“படக்கதையில் அந்த வீரனுக்கு என்ன வயதோ, அந்த வயதிலுள்ளவனே நடிக்க வேண்டும்” என்றான் ஒருவன். “நடிப்பு இருந்தால் போதும், பிறப்புச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டா படம் பார்ப்பது?” என்றான் மற்றவன். வாதம் முற்றியபின் இருவரும் என் பக்கம் திரும்பினர். “சேர், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.”

நான் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. கருத்து இல்லாமையால் அன்று. இதே வழக்கில் முன்னொருகால் நான் மிக விரைவாக ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அதன் உறுத்தல் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் பிள்ளைகளின் வழக்கை எடுத்துக்கொள்வோம்.

படக்கதை வீரனுக்கு வயது உண்டா என்பதே முதற் கேள்வி. சூப்பர்மான் 1938இல் பிறந்தான். ஸ்பைடர்மான் 1962இல் பிறந்தான். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 1972இல் முத்து காமிக்ஸ் வழியாக இரும்புக்கை மாயாவி அறிமுகமானான். அந்நாளில் மாயாவியின் புத்தகத்தைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்தவர்களில் நானும் ஒருவன். என் தலை நரைத்துவிட்டது. மாயாவிக்கு ஒரு மயிரும் நரைக்கவில்லை. சித்திரத்தில் வாழ்பவனுக்கு மூப்பும் இல்லை, பிணியும் இல்லை. ஓவியன் அவனை எந்த வயதில் நிறுத்தினானோ, பெரும்பாலும் அந்த வயதிலேயே அவன் நின்றுவிடுகிறான். தசையும் எலும்புமாய் உள்ள நடிகன் அவ்வாறு நிற்க முடியுமா?

ஹியூ ஜக்மன் என்ற நடிகர் 1968இல் பிறந்தவர். வுல்வரின் என்னும் வீரனாக அவர் முதன்முதல் திரையில் தோன்றியது 2000ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு 31 வயது. அதே வேடத்தில் 2024இல் மீண்டும் வந்தபோது 55 வயது. ஆனால் கதைப்படி வுல்வரினுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவன் எளிதில் மூப்படையாதவன். இந்த வேடத்துக்கு வயதுப் பொருத்தம் பார்த்தால், நடிகனைச் சுடுகாட்டில்தான் தேட வேண்டியிருக்கும்.

ஆயினும், வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சில கதைகளுக்கு வயதே உயிர். ஸ்பைடர்மானை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அவன் ஒரு பாடசாலை மாணவன். பேராற்றல் ஒன்று, அதைத் தாங்கும் பக்குவம் வருமுன் ஒரு சிறுவனின் தோளில் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதே அவனுடைய கதை. 2002இல் அவ்வேடம் தாங்கிய டோபி மக்வயருக்கு 26 வயது. 2016இல் வந்த டொம் ஹொலண்டுக்கு 19 வயது. மக்வயர் நல்ல நடிகர், ஐயமில்லை. ஆனால் ஹொலண்டு தடுமாறும்போது அது பிள்ளையின் தடுமாற்றமாகத் தெரிந்தது. அபிமன்யு சக்கரவியூகத்துள் நுழையும் காட்சியை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்பது இளமையின் துயரம். நாற்பது வயதுக்காரர் அந்த வேடத்தில் வந்தால், ‘இத்தனை வயதாகியும் வழி தெரியவில்லையா?’ என்றே கேட்கத் தோன்றும்.

ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டும் அத்தகையவளே. நாடகத்தில் அவளுக்குப் பதினான்கு வயது நிறையவில்லை. 1936இல் ஹொலிவூட்டில் எடுத்த படத்தில் ஜூலியட்டாக நடித்த நோர்மா ஷியரருக்கு 34 வயது; ரோமியோவாக நடித்த லெஸ்லி ஹவார்டுக்கு 43 வயது. 1968இல் ஸெஃபிரெல்லி என்ற இத்தாலிய இயக்குநர் அக்குறையைத் தீர்க்க முற்பட்டார். அவருடைய ஜூலியட்டான ஒலிவியா ஹசிக்குப் படம் வெளிவந்தபோது 16 வயது. ரோமியோவான லெனார்ட் வைட்டிங்குக்கு 17. உலகமே கொண்டாடியது. ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பின், 2022இன் இறுதியில், அவ்விருவரும் நீதிமன்றம் சென்றனர். அறியாப் பருவத்தில் தம்மை ஏமாற்றி ஆடையின்றி நடிக்க வைத்தனர் என்பது அவர்கள் முறையீடு. வழக்கு அடுத்த ஆண்டில் தள்ளுபடியாயிற்று. சட்டம் என்ன சொன்னாலும், வயதுப் பொருத்தம் வேண்டும் என்று கேட்கும் நாம், அந்த வயதிலுள்ள பிள்ளையைக் காக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இக்கடமையை நம் தமிழ் நாடக மேடையும் நன்கு உணர்ந்திருந்ததாகச் சொல்ல முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, அரசன் முதல் அடியாள் வரை எல்லா வேடங்களும் சிறுவர்களுக்கே. ஆறு வயதில் அச்சபையிற் சேர்ந்த தி. க. சண்முகம், சுவாமிகள் ஓரிரவில் எழுதி முடித்ததாகச் சொல்லப்படும் ‘அபிமன்யு சுந்தரி’யில் அபிமன்யுவாக நடித்தார். அங்கே வயதும் வேடமும் கைகோத்தன. அதே சண்முகம் முப்பது வயதையொட்டிய நிலையில் ஔவைப் பிராட்டியாகக் கூன் விழுந்த முதுகோடு மேடையேறினார். ஆண் பெண்ணானார், இளைஞர் கிழவியானார். மக்கள் அவரை அதன்பின் ‘அவ்வை சண்முகம்’ என்றே அழைத்தனர். சென்னையில் அவர் பெயரால் ஒரு சாலையே இருக்கிறது. வயதுப் பொருத்தம் பேசும் இரு கட்சியாரும் தத்தமக்குச் சான்றாக அந்த ஒரே மனிதரைக் காட்டலாம்!

ஆனால் அவரோடு நடித்த பிள்ளைகள் எல்லோரும் சண்முகம் ஆகிவிடவில்லை. பாலர் சபைகளில் ‘மகரக்கட்டு’ என்றொரு சொல் வழங்கும். குரல் உடையும் பருவத்தை அது குறிக்கும். நேற்றுவரை இராஜபார்ட்டாக இருந்த சிறுவன், குரல் உடைந்த மறுநாள் வேடமின்றி மூலையில் நிற்பான். வயது அவனைக் கைவிட்டது என்பார்கள். வயதா கைவிட்டது? அவனுக்கு அடுத்த வேடத்தைத் தேடிக் கொடுக்காத பெரியவர்களல்லவா கைவிட்டனர்?

இனி, நம்மவருள் மிகப் பெரிய வீராங்கனையிடம் வருவோம். ஒற்றைச் சிலம்போடு வந்து ஒரு நகரையே எரித்த கண்ணகியை விஞ்சிய ஆற்றல் எந்தப் படக்கதையில் உண்டு? சிலப்பதிகாரத்தின்படி, மணநாளில் அவளுக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. 1942இல் வந்த ‘கண்ணகி’ படத்தில் அவ்வேடம் தாங்கிய கண்ணாம்பா முப்பதை எட்டியவர். யாரும் குறை சொல்லவில்லை. நீதி கேட்கும் அக்குரலுக்கு முப்பது வயதின் கனம் பொருந்தியது. இந்நாட்டிலேயே, சிங்கள மக்களின் கம்மடுவச் சடங்கில், பத்தினித் தெய்வத்தின் உடையணிந்து ஆடுபவர் கப்புராளை என்னும் ஆண் பூசகர். அவருடைய வயதை எவரும் கேட்பதில்லை. கும்பிடுகிறார்கள்.

ஆனால் கண்ணாம்பாவின் கதை அங்கே முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், ‘மனோகரா’ படத்தில் அவர் சிவாஜி கணேசனுக்குத் தாயானார். இலங்கை மண்ணிற் பிறந்த எம். ஜி. ஆரோ 1973இல், தம்முடைய 56ஆவது வயதில், ‘உலகம் சுற்றும் வாலிப’னாகவே உலா வந்தார். அவருக்கு ஜோடியாக வந்த மஞ்சுளாவும் லதாவும் இருபது வயதையொட்டியவர்கள். கொட்டாஞ்சேனையில் அப்படத்தைக் கண்டு மகிழ்ந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆதலால் அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். வயதுப் பொருத்தம் என்னும் தராசை நாம் எல்லோருக்கும் ஒரேவிதமாகப் பிடிப்பதில்லை. ஆணுக்கு ஒரு தட்டு, பெண்ணுக்கு ஒரு தட்டு. செல்வாக்குள்ளவனுக்கு ஒரு நிறை, இல்லாதவனுக்கு வேறொரு நிறை.

இவ்விடத்தில்தான் என் பழைய தீர்ப்பு நினைவுக்கு வருகிறது.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், எங்கள் வட்டாரத்து மன்றம் ஒன்று ‘மயான காண்டம்’ நாடகத்தை மேடையேற்ற முனைந்தது. ஈழத்தில் அந்நாடகம் என்றால் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் பெயர்தான் எவர் நாவிலும் வரும். 1924இல் பிறந்த அவர், இளமை கடந்து நடுவயதும் கடந்த பின்னரும் அரிச்சந்திரனாக நின்று கிராமம் கிராமமாக மக்களை விடியும்வரை அழவைத்தவர். எங்கள் பகுதியிலும் அவர் வழியைப் போற்றிய ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளாக அரிச்சந்திர வேடம் அவருடையதே. அப்போது அவருக்கு வயது 62.

நாடகப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கணக்கு ஆசிரியனல்லவா? கணக்குப் போட்டேன். லோகிதாசன் சிறுவன்; ஆகவே தந்தைக்கு முப்பத்தைந்துக்கு மேல் இராது; சந்திரமதியாக நடிக்கும் பெண்ணுக்கோ 28 வயது. “இக்காலத்து மக்கள் பொருத்தம் பார்ப்பார்கள்” என்று சொல்லி, நல்ல தோற்றமும் குரலும் உள்ள ஓர் இளம் ஆசிரியரை அரிச்சந்திரனாக்கினேன். பெரியவரைப் பின்பாட்டுக்கு அமர்த்தினேன். அவர் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாறாக, அந்த இளைஞருக்குத் தாமே மாலைதோறும் பாட்டும் நடையும் பழக்கினார்.

ஒருநாள் ஒத்திகையில் காற்பணக் கட்டத்தை நடித்துக் காட்டினார். பாம்பு தீண்டி இறந்த தன் மைந்தனையே சுடுவதற்கு, சுடுகாட்டுக் காவலனான அரிச்சந்திரன் தன் மனைவியிடம் கூலி கேட்கும் இடம் அது. பெரியவர் குரலை உயர்த்தவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கை தம்முடையதல்ல என்பதுபோல மெல்ல நீட்டினார். ஒத்திகை அறையில் யாரும் பேசவில்லை.

மேடையேறிய இரவில் இளைஞர் நன்றாகவே நடித்தார். அதை மறைப்பது நியாயமன்று. கண்ணீர் பெருக்கினார், கைதட்டல் பெற்றார். ஆனால் காற்பணம் கேட்டபோது அவர் சபையைப் பார்த்துக் கேட்டார். திரை மறைவில் நின்ற நான் பின்பாட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்தபின் அவரிடம் சென்று, ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். “கணக்குச் சரிதான், மாஸ்டர்” என்றார். “அரிச்சந்திரனுக்கு அந்த வயதுதான் இருக்கும். ஆனால் அந்தக் காற்பணத்தை நான் முப்பது வருசமாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.” அவ்வளவே. அதன்பின் அவர் மேடையேறவில்லை. இரண்டாண்டில் காலமானார். நான் சொல்ல நினைத்த சமாதானம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

அன்று நான் செய்த பிழை எது என்று பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இளைஞருக்கு வாய்ப்பளித்தது பிழையன்று. இளையவர் ஏறாத மேடை வளராது. அபிமன்யு நாடகமாக இருந்திருந்தால் என் கணக்கே சரியான கணக்கு. ஆனால் அரிச்சந்திரனின் கதை வயதின் கதையன்று. இழப்பின் கதை, வாய்மையின் கதை. அதற்கு வேண்டிய முதல் அந்தப் பெரியவரிடம் நிறைந்திருந்தது. நான் கதையை வாசிக்காமல், வயதை மட்டும் வாசித்தேன்.

இவற்றையெல்லாம் விறாந்தையிலிருந்த மாணவர்களிடம் சொன்னேன். இருவரும் சிறிது நேரம் பேசாதிருந்தனர். பின்னர் முதலாமவன், “அப்படியென்றால் எங்கள் பாடசாலை நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது என்ன செய்வது, சேர்?” என்று கேட்டான். அவர்கள் இவ்வாண்டு அரிச்சந்திரனையே எடுக்கிறார்களாம்.

“வயதைக் கேட்காதே. வருகிற ஒவ்வொருவனிடமும் காற்பணத்தைக் கேட்கச் சொல். யார் கையைப் பார்த்துக் கேட்கிறான் என்று பார்” என்றேன்.

அவன் தன் அப்பியாசப் புத்தகத்தின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டான். அதன் பிறகே நாங்கள் கணக்குக்குத் திரும்பினோம்.