கூண்டுக் குருவி ஏன் சாகிறது?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளின் வராந்தாக்களில் சின்னக் கூண்டு தொங்குவது சகஜம். உள்ளே பச்சையும் மஞ்சளும் நீலமுமாக இரண்டு குருவிகள் இருக்கும். 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் அழைப்பவை பெரும்பாலும் பட்ஜிரிகர், சுருக்கமாகப் பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் பெருங்கூட்டமாகப் பறந்து திரியும் சிறு கிளி இது. ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840இல் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு உலகமெங்கும் கூண்டுகளில் பெருகிவிட்டது.

இந்தக் குருவி ஒருநாள் காலையில் கூண்டின் தரையில் விழுந்து கிடக்கும். "வீட்டுக்கு வரவேண்டிய கண்டத்தை அது வாங்கிக்கிச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அழும் பிள்ளைக்கு அது ஆறுதல்தான். ஆனால் ஏன் செத்தது என்ற கேள்வியும் அத்தோடு முடிந்துபோகிறது. அடுத்த வாரம் புது ஜோடி வரும், அதுவும் அதே இடத்தில் தொங்கும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஒரு மெஷின் நின்றுவிட்டால் 'ஒய்-ஒய் அனாலிசிஸ்' போட்டு, ஏன் ஏன் என்று அடுத்தடுத்துக் கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்காமல் விடமாட்டார்கள். அந்த வேலையைச் செய்துவிட்டு வீடு திரும்பும் கைகள், செத்த குருவிக்காகவும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஒழுங்காக வளர்த்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் இது.

முதலில் பார்க்க வேண்டியது சமையலறை. பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதில்லை. உடலுக்குள் இருக்கும் காற்றுப் பைகள் (பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது) துருத்திபோல் இயங்கி, நுரையீரல் வழியாகக் காற்றை ஒரே திசையில் செலுத்துகின்றன. உள்ளே போன ஒரு மிடறு காற்று வெளியே வர இரண்டு மூச்சு ஆகும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று நுரையீரலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. பறப்பதற்குத் தேவையான ஆக்சிஜனைத் தரும் அமைப்பு இது. காற்றில் நஞ்சிருந்தால் அதையும் இதே வேகத்தில் ரத்தத்தில் சேர்த்துவிடும்.

நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வெறுமனே காயவிட்டு மறந்தால், சுமார் 280 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத நஞ்சுக் காற்றை விடும். நமக்கு அப்போது ஒன்றும் தெரியாமல் போகலாம். பட்ஜிக்குச் சில நிமிடங்கள் போதும். கொசுவத்தி, பூச்சி ஸ்ப்ரே, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஒற்றை அறையும் அடுப்படியுமாக இருக்கும் வீட்டில் புகை போக வேறு இடமில்லை.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞரின் யோசனைப்படி, கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று அறியக் கேனரிக் குருவிகளைக் கூண்டோடு கீழே கொண்டுபோனார்கள். குருவி தள்ளாடினால் ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள். இந்த வழக்கம் 1986 வரைக்கும் நீடித்தது. ஆக, கண்டம் வாங்கிக்கொண்டது என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அறையின் காற்றில் உள்ள கெடுதல் பறவையைத்தான் முதலில் தாக்குகிறது. அப்படியென்றால் குருவி செத்ததும் அடுத்த குருவி வாங்குவதற்கு முன்னால் சன்னலைத் திறந்து, அடுப்பைப் பார்க்க வேண்டும். அதே காற்றைத்தான் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்.

"நேத்து ராத்திரிவரை நல்லாத்தான் இருந்துச்சு" என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு வாக்கு. பெரும்பாலும் நன்றாக இருந்திருக்காது. கூட்டமாக வாழும் பறவைகளில் நலிந்தது எது என்று காட்டிக்கொண்டால் பருந்தும் வல்லூறும் அதைத்தான் குறிவைக்கும். அதனால் நோயை முடிந்தவரை மறைப்பது அதன் இயல்பு. இறகை உப்பிக்கொண்டு, கண் சொக்கி உட்கார்ந்திருப்பதை நாம் பார்க்கும்போது நோய் முற்றியிருக்கும். நம்பத்தக்க முன்னறிவிப்பு எடைதான். பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். கிராம் காட்டும் சிறிய தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைத்தால், இரண்டு மூன்று கிராம் இறங்கும்போதே கால்நடை மருத்துவரிடம் போய்விடலாம். மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியே இருக்கிற ஊர் இது. பறவையையும் வைத்தியரிடம் காட்டலாம் என்பது இங்கே யாருக்கும் புதிய சேதியாக இருக்கக்கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது கூண்டுக்குள் தொங்கும் மண்பானை. பானை இல்லாவிட்டால் குருவி எங்கே தூங்கும் என்று கேட்கிறார்கள். பட்ஜி கம்பில் உட்கார்ந்துதான் தூங்கும். பானை அதற்கு வீடல்ல, முட்டையிடும் பொந்து. ஆஸ்திரேலியாவில் மழை பெய்து புல் விதை பெருகும்போதுதான் இவை இனப்பெருக்கம் செய்யும். இங்கே ஆண்டு முழுக்கத் தட்டில் தினை, கூண்டில் பொந்து. அதன் உடல் இதை முடியாத மழைக்காலமாக எடுத்துக்கொள்கிறது. ஒரு முட்டை ஏறக்குறைய இரண்டு கிராம். ஆறு முட்டை இட்டால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது. ஓய்வில்லாமல் ஈடு மேல் ஈடு போனால் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தே கரைந்து, முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டு பெட்டை செத்துப்போகும். சேவல் இல்லாமலே முட்டை இடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாமக்கல் பண்ணை முட்டைகள் அப்படி வந்தவைதானே. பானையை எடுத்துவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவையுங்கள்.

தீனியில் செய்யும் பிழைகள் சுலபமாகத் திருத்தக்கூடியவை. வெறும் தினை மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறையும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட், நம் பக்கத்துக் கேழ்வரகை முளைகட்டி எல்லாம் தரலாம். பாலும் பாலில் நனைத்த ரொட்டியும் வேண்டாம், பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்குக் கிடையாது. பட்டர் ஃப்ரூட் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். அதிலுள்ள பெர்சின் என்ற நஞ்சு பறவையின் இதயத்தைத் தாக்கும். ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வருபவர்கள் விளக்கைப் போடும் முன் கூண்டின்மேல் ஒரு பருத்தித் துணி போர்த்திவிடலாம். குருவிக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேர இருட்டு வேண்டும்.

பச்சைமிளகாய் கொடுத்தால் கிளி பேசும் என்ற நம்பிக்கை வேறு ரகம். மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு வாங்கியை டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. அதற்காக 2021இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பறவையின் உடலில் அந்த வாங்கி காரத்துக்கு அசைவதில்லை என்று அதே குழு 2002இல் காட்டியது. கிளிக்கு மிளகாய் ஒரு சாதாரணக் காய்தான், நாக்கைத் தூண்டிவிடும் மருந்தல்ல. குரல் பிறப்பதும் நாக்கில் அல்ல, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில். அதனால் பேசவைப்பதற்காக நாக்கைச் சுரண்டுவது வெறும் சித்திரவதை. கூடி வாழும் பறவை தன் கூட்டத்தின் ஒலியைக் கற்கும். கூண்டில் தனியாகக் கிடக்கும் கிளிக்கு நாம்தான் கூட்டம், அதனால் நம் சொல்லைக் கற்கிறது.

அப்படிப் பேசும் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. "பண்ணையில பொரிச்ச குஞ்சுங்க" என்று விற்பவர் சொன்னாலும் சட்டம் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பச்சைக்கிளி அதன் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2024 ஏப்ரலில், கடலூர் தொகுதியில் தேர்தல் பிரசாரத்துக்குப் போன இயக்குநர் தங்கர் பச்சானுக்குக் கிளி ஜோசியம் சொன்னவரிடமிருந்து வனத்துறை கிளிகளைப் பறிமுதல் செய்தது செய்தியானபோதுதான் பலருக்கு இந்தச் சட்டமே தெரியவந்தது.

சட்டம் தெரிந்ததும் சிலர் செய்வது வைத்திருப்பதைவிட ஆபத்தானது. கூண்டைத் திறந்து, புண்ணியம் என்று வானத்தில் விட்டுவிடுகிறார்கள். கூண்டிலேயே பொரிந்த பட்ஜிக்கு இங்கே இரை தேடவும் தெரியாது, காக்கைக்குத் தப்பவும் தெரியாது. வெளியே விட்டால் சில நாட்கள்கூடத் தாங்குவது அரிது. அதை வைத்திருப்பதும் குற்றமல்ல, பெரிய கூண்டும் நல்ல காற்றும் கொடுத்து வளர்ப்பதே அதற்குச் செய்யும் நன்மை. பச்சைக்கிளியை ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கூண்டிலிருந்து மார்புத் தசை நலிந்த கிளி, இறகு வளர்ந்து, பெரிய அடைப்பில் பறந்து பழகி, கூட்டத்தோடு சேரக் கற்ற பிறகுதான் கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பிழைக்கும்.