புதுமையை மதிப்பிடும் தராசு

புதியதொரு கருத்தைத் தோற்றுவித்தல் ஓர் ஆற்றல். தோன்றியதன் தகுதியை அறிதல் வேறோர் ஆற்றல். பின்னதில் மனிதன் சிறந்தவனா, அவன் ஆக்கிய செயற்கை நுண்ணறிவு சிறந்ததா என்பது இன்று எழும் வினா. 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சியோல் நகரில் நிகழ்ந்த 'கோ' ஆட்டப் போட்டி இதனை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

கோ என்பது 361 சந்திகளையுடைய பலகையிற் கருங்கற்களும் வெண்கற்களும் வைத்து, இடம் வளைத்து ஆடும் பழைய ஆட்டம். அதில் வல்லவரான கொரிய நாட்டு லீ செடொல் என்பாரை அல்பாகோ என்னும் கணினி நிரல் ஐந்து ஆட்டங்களில் எதிர்த்தது.

இரண்டாம் ஆட்டத்தில் அந்நிரல் வைத்த 37ஆம் கல்லைக் கண்ட வல்லுநர், பிழை நேர்ந்ததோவென ஐயுற்றனர். அவ்விடத்தில் மனிதர் கல் வைக்கும் வாய்ப்புப் பதினாயிரத்தில் ஒன்றே என நிரலும் கணித்திருந்தது. ஆயினும் வெற்றிக்கு உகந்ததெனக் கண்டு அதனையே தெரிந்து, ஆட்டத்தையும் வென்றது. ஈண்டு மனிதரின் மதிப்பீட்டை வழக்கம் மறைத்தது.

நான்காம் ஆட்டத்திலோ நிலைமை மாறிற்று. லீ செடொல் வைத்த 78ஆம் கல்லின் வலிமையை நிரல் அறிந்திலது. அடுத்த கல்லிலேயே பிழைத்தது. அப்பிழையை ஏறத்தாழ 87ஆம் கல்லளவிலேதான் உணர்ந்தது. அவ்வாட்டத்தில் மனிதர் வென்றார். போட்டி நான்குக்கு ஒன்றாக நிரலின் வெற்றியாய் முடிந்தது.

பழகாத புதுமையின்முன் இரு சாராரும் தடுமாறினர் என்பது இதனாற் புலனாகும். எனினும் கோ ஆட்டத்தில் தீர்ப்பளிக்க வெற்றி தோல்வி என்னும் அளவுகோல் உண்டு. கவிதைக்கும் கட்டுரைக்கும் அத்தகைய அளவுகோல் யாது? அவற்றை மதிப்பிடும் இன்றைய நிரல்கள், மக்கள் முன்னர் எழுதியவற்றையும் விரும்பியவற்றையும் கொண்டே பயின்றவை. ஆயிரம் கட்டுரைகளையும் அவை சோர்வின்றி ஒப்புநோக்கும். மனிதனோ சோர்வுக்கும் விருப்பு வெறுப்புக்கும் ஆட்படுபவன். ஆயினும், இக்கருத்து எதன்பொருட்டு எனக் கேட்டு, அளவுகோலையே திருத்தி, அத்திருத்தத்துக்குப் பொறுப்பேற்க வல்லவனும் அவனே.

ஆதலின், நிரலின் மதிப்பீடு துணையாகலாம், முடிவாதல் தகாது. மாணவன் ஒருவனின் விடை வழக்கத்துக்கு மாறாயிருப்பின், ஆசிரியர் அதனை மீண்டும் ஒருமுறை படித்தல் வேண்டும். 37ஆம் கல்லும் 78ஆம் கல்லும் முதற்பார்வையில் மதிப்பறியப்படாதவையே யன்றோ?