உங்களுக்குத் தெரியுமா? வாசலே இல்லாத அருங்காட்சியகம்!

பெர்லின் யூத அருங்காட்சியகத்தின் புதுக் கட்டடத்துக்கு வாசலே கிடையாது! எத்தனை முறை சுற்றி வந்தாலும் சுவர்தான். பக்கத்தில் 1735-ல் கட்டிய பழைய நீதிமன்றத்துக்குள் நுழைந்து, படியிறங்கி, பூமிக்கடியில்தான் உள்ளே போக வேண்டும்!

வெளிச்சுவர் முழுக்கத் துத்தநாகத் தகடு. வடிவமோ கோணல்மாணல். பெர்லின்காரர்கள் வைத்த செல்லப் பெயர், ‘மின்னல்’!

வடிவமைத்தவர் டேனியல் லிபெஸ்கிண்ட். சின்ன வயதில் அக்கார்டியன் வாசித்துப் பரிசு வாங்கியவர்! (நம்ம ஹார்மோனியத்துக்கு அது தோளில் தொங்கும் தம்பி.)

1999-ல் கட்டடம் ரெடி. உள்ளே ஒரு பொருள்கூட வைக்கவில்லை. வெறும் கட்டடத்தை யார் பார்ப்பார்கள் என்கிறீர்களா? சுமார் 3,50,000 பேர் பார்த்தார்கள்!

அடுத்தது தோட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 49 கான்கிரீட் தூண்கள். மரம் தரையில் இல்லை, தூணின் உச்சியில்! வேர் உங்கள் தலைக்கு மேலே! தரை 12 டிகிரி சாய்வு. தூண்களும் கூடவே சாய்ந்து நிற்கின்றன. நாலு எட்டு வைத்தால் தலை கிறுகிறுக்கும். நாடு விட்டு ஓடிய யூதர்களுக்குக் காலடி நிலம் எப்படி ஆடியிருக்கும்? அதைக் காட்டத்தான் இந்த ஏற்பாடு.

48 தூண்களுக்குள் பெர்லின் மண். நடுத் தூணில் மட்டும் ஜெருசலேம் மண்! அதென்ன 48? இஸ்ரேல் பிறந்த ஆண்டு 1948!

உள்ளே ஒரு கோபுரம். உயரம் 24 மீட்டர். விளக்கு இல்லை. பெர்லின் குளிரிலும் கணப்பு இல்லை. எங்கோ மேலே ஒரே ஒரு கீற்று வெளிச்சம்!

இன்னொரு கூடம். தரை முழுக்க முகங்கள். கனத்த இரும்புத் தகட்டில் வெட்டியவை. எல்லாம் வாய் பிளந்தபடி! இஸ்ரேல் சிற்பி மெனாஷே கதிஷ்மன் வைத்த பெயர் ‘உதிர்ந்த இலைகள்’. அவற்றின் மேல் நீங்கள் நடக்கலாம். கால் வைத்தால் ‘கணங்... கணங்...’ என்று கூடமே அலறும். எத்தனை முகங்கள்? 10,000-க்கும் மேல்!

பெர்லினில் இதற்கு முன்பே ஒரு யூத அருங்காட்சியகம் இருந்தது. திறந்த நாள் 1933 ஜனவரி 24. ஹிட்லர் பதவியேற்றது ஜனவரி 30. இடைவெளி வெறும் 6 நாள்! 1938-ல் கெஸ்டபோ போலீஸ் இழுத்து மூடியது.

இப்போதைய அருங்காட்சியகத்தைப் பொதுமக்களுக்குத் திறக்கக் குறித்த நாள் எது தெரியுமா? 2001 செப்டம்பர் 11! அன்றுதான் நியூயார்க் கோபுரங்கள் சரிந்தன. திறப்பு 13-ம் தேதிக்குத் தள்ளிப்போனது!

1939-ல் ஷாங்காய்க்குத் தப்பி ஓடினான் 13 வயது யூதப் பையன் ஒருவன். வளர்ந்தான். அமெரிக்க நிதியமைச்சரே ஆனான்! அவர்தான் மைக்கேல் புளூமென்தால். 1997 முதல் 2014 வரை இந்த அருங்காட்சியகத்தின் இயக்குநர்!

அருங்காட்சியகத்துக்கு எதிர்ச் சாரியில் பழைய பூச்சந்தை. அதற்குள் இப்போது நிற்பது நோவாவின் பேழை! 150-க்கும் மேற்பட்ட மிருகங்கள். எல்லாம் தூக்கிப்போட்ட சாமான்களில் செய்தவை! குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்கென்று இரண்டு மணி நேரம் தனியாக ஒதுக்கிவிடுங்கள்!