கரிப்புகை போனது, சாண வாயு நிற்கிறது

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. குளிருக்கு வீடுதோறும் எரித்த நிலக்கரியின் புகை, காற்றே அசையாததால் மூடுபனியோடு கலந்து தெருவிலேயே தேங்கியது. ஸ்மித்ஃபீல்டு கண்காட்சிக்குக் கொண்டுவந்த மாடுகள் மூச்சுத்திணறிச் செத்தன. மனிதர்கள் சுமார் 4,000 பேர் என்று அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வொன்று 12,000 என்றது. அரசோ பல சாவுகளை ஃப்ளூ காய்ச்சலின் கணக்கில் எழுதியது.

1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை கூடாது என்று அறிவித்த பகுதிகளில், வீட்டுக் கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை மானியமாகத் தந்தார்கள். அந்தச் சட்டத்தின் உயிரே இந்த ஏற்பாடுதான் என்பேன். வெறும் தடை போட்டிருந்தால் ஏழை வீடு குளிரில் விறைத்திருக்கும், அல்லது திருட்டுத்தனமாகக் கரி எரித்திருக்கும்.

மின்நிலையங்களின் கந்தகத்துக்கு உயரமான புகைபோக்கிதான் தீர்வாகக் கிடைத்தது. லண்டன் மூச்சுவிட்டது, நார்வே, சுவீடன் ஏரிகளில் அமில மழை பெய்து மீன்கள் மடிந்தன. கந்தகத்தை 30 சதவீதம் குறைக்க 1985இல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் கையெழுத்திட்டபோது பிரிட்டன் விலகி நின்றது. அண்டை நாட்டுக்குச் செய்த பெரிய அநியாயம் அது. 1988இன் ஐரோப்பிய ஆணைக்குப் பிறகுதான் டிராக்ஸ் போன்ற நிலையங்களில், புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவி, கந்தகத்தை ஜிப்சமாகப் பிடிக்கத் தொடங்கினார்கள். வடகடல் எரிவாயுவும் கரியின் இடத்தைப் பிடித்தது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப், 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 1970இல் ஆண்டுக்கு 60 லட்சம் டன்னைத் தாண்டியிருந்த கந்தக டை ஆக்சைடில் இன்று சுமார் 2 சதவீதமே மிச்சம்.

அம்மோனியா மட்டும் பெரிதாக இறங்கவில்லை. மாட்டுச் சாணம், சிறுநீர், யூரியா உரம் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் இந்த வாயு, வாகனப் புகையோடு சேர்ந்து நுரையீரலுக்குள் புகும் நுண்துகளாகிறது. 2005ஐ ஒப்பிட்டு 2030க்குள் கந்தக டை ஆக்சைடை 88 சதவீதம் குறைக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் இன்றைய சட்டம். அம்மோனியாவுக்கு அது கேட்பது 16 சதவீதம்தான். சாணக்கரைசல் தொட்டியை மூடுவது, கரைசலை வயலில் வாரி இறைக்காமல் மண்ணுக்குள் செலுத்துவது என வழிகள் இருக்கின்றன. செலவுதான் தடை. இங்கிலாந்தில் 2022இல் அறிவித்த தொட்டி மானியம் செலவில் பாதிவரைதான் தந்தது. கணப்புக்குத் தந்த பத்தில் ஏழு பங்கைப் பால்பண்ணைக்காரரும் கேட்பது நியாயம்.