ஏலத்தில் வந்த ஊமைப் பெட்டி!

75 டாலர் கொடுத்து ஒருவர் ஏலத்தில் கலப்புச் சாமான் எடுத்தார். அதற்குள் ஒரு பழைய பெட்டி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டார். மறந்துவிட்டார்.

ஆறு வருஷம் கழித்து அந்தப் பெட்டியைப் பற்றி உலகமெல்லாம் பேசியது. பெட்டி மட்டும் பேசவில்லை! அதில் ஒரு பாதி செத்துக் கிடந்தது.

அந்தப் பாதியை எழுப்ப ஒரு கைதேர்ந்த மெக்கானிக் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பெட்டிக்காரர் பெயர் டெர்ரி டீபோல்ட். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த அட்வாண்டா என்ற நிதிக் கம்பெனியில் பராமரிப்பு வேலை பார்த்தவர். கிரெடிட் கார்டு வியாபாரம் செய்துவந்த அந்தக் கம்பெனி 2009-ஆம் ஆண்டில் திவாலாயிற்று. உள்ளே இருந்த தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. வேலை பார்த்த இடத்துச் சாமானாயிற்றே என்று டீபோல்டும் ஒரு கை பார்த்தார். அவர் பங்குக்கு வந்ததுதான் இந்தப் பெட்டி.

ஓலாஃப் ஓலாஃப்சன் என்பவர் ஒரு காலத்தில் அமெரிக்காவில் சோனி கம்பெனியின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். ஐஸ்லாந்துக்காரர். நாவலாசிரியரும்கூட. சோனியை விட்ட பிறகு அவர் அட்வாண்டாவில் பெரிய பதவியில் இருந்தார். அவரோடு வந்து அங்கேயே தங்கிவிட்ட பெட்டிதான் இது என்பது டீபோல்டின் நம்பிக்கை.

2015-ஆம் ஆண்டில் டீபோல்டின் மகன் டான் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். படம் எடுத்து வெளியிட்டார். பார்த்தவர்கள் பலர் சிரித்தார்கள். "சுத்தப் புளுகு! எவனோ அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறான்" என்றார்கள்.

ஏன் சிரித்தார்கள்?

கீரியும் பாம்பும்

பெட்டியின் முகப்பில் "சோனி பிளேஸ்டேஷன்" என்று எழுதியிருந்தது. ஆனால் மேலே இருந்த துவாரமோ நின்டெண்டோ கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் செருகுவதற்கானது. கையில் பிடித்து ஆடும் கட்டையும் நின்டெண்டோ உருவம். அதன்மேலும் சோனியின் பெயர்!

வீடியோ விளையாட்டு வியாபாரத்தில் சோனியும் நின்டெண்டோவும் கீரியும் பாம்பும் போல என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. கீரியும் பாம்பும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் யார் நம்புவார்கள்?

ஆனால் ஒரு காலத்தில் இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

1990 நவம்பரில் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் பாமிகாம் என்ற விளையாட்டு யந்திரத்துக்கு நாதம் கொடுத்த சில்லு, சோனியின் கென் குடராகி என்ற என்ஜினீயர் உருவாக்கியது. அதற்கு முன்பே, 1988-ல், அந்த யந்திரத்தோடு சி.டி. தட்டு ஓட்டும் வசதியையும் சேர்ப்பது என்று இரண்டு கம்பெனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. காரணம் எளியது. கார்ட்ரிட்ஜில் இடம் குறைவு. அந்த யந்திரத்தின் புகழ்பெற்ற 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' விளையாட்டு முழுவதும் 512 கிலோபைட்டுக்குள் அடக்கம். ஒரு சி.டி. தட்டிலோ சுமார் 650 மெகாபைட் கொள்ளும். ஆயிரம் மடங்குக்கு மேல்!

1991 ஜூன் மாதம் சிகாகோ நகரில் மின்னணுச் சாதனக் கண்காட்சி நடந்தது. சோனி மேடையேறி, "இதோ எங்கள் பிளேஸ்டேஷன்" என்று அறிவித்தது. மறுநாள் நின்டெண்டோ மேடையேறியது. சி.டி. விஷயத்தில் தன் கூட்டாளி ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் கம்பெனி என்று அறிவித்தது!

நிச்சயதாம்பூலம் மாற்றிய மாப்பிள்ளை, மறுநாளே ஊரறிய வேறு வீட்டுப் பெண்ணைக் கைப்பிடித்தால் எப்படியிருக்கும்? சி.டி.யில் வரும் விளையாட்டுகளின் மேல் சோனிக்கு அதிகப் பிடி கொடுக்கிறது ஒப்பந்தம் என்பது நின்டெண்டோ தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் மனக்குறை. குறை நியாயமாகவே இருக்கட்டும். அதைத் தீர்த்துக்கொண்ட விதம் அழகல்ல. சோனித் தலைவர் நோரியோ ஓகாவுக்கு மூண்ட கோபம் சாமானியமல்ல. குடராகியைத் தனியாகவே யந்திரம் செய்யவிட்டார். 1994 டிசம்பர் 3-ஆம் தேதி வெளிவந்த அந்த யந்திரமும் பிளேஸ்டேஷன் என்ற பெயரையே சூட்டிக்கொண்டது. 10 கோடிக்கு மேல் விற்றது.

அறுந்துபோன அந்தப் பழைய சம்பந்தத்தின் மிச்சம்தான் டீபோல்ட் வீட்டுப் பெட்டி. கடைக்கு வருமுன் கம்பெனிக்குள்ளேயே ஆராய்ந்து பார்க்கச் செய்த மாதிரிப் பெட்டி. இப்படிச் சுமார் 200 செய்யப்பட்டதாகச் சொல்லுகிறார்கள். மற்றவை என்ன ஆயின? அழிக்கப்பட்டுவிட்டன என்பது பேச்சு. வெளியுலகம் கண்ணால் கண்டது இந்த ஒன்றைத்தான்.

பாதி உயிர்

2015-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தந்தையும் மகனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாங்காங் போனார்கள். அங்கே பழைய விளையாட்டு யந்திரங்களின் கண்காட்சி. விஷயம் தெரிந்தவர்கள் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது! சூப்பர் பாமிகாம் கார்ட்ரிட்ஜைச் செருகினார்கள். திரையில் விளையாட்டு ஓடியது! போலி என்று சிரித்தவர்கள் வாய் அடைத்துப் போயிற்று.

ஆனால் சி.டி. பாகம்? மூச்சுப் பேச்சு இல்லை.

இங்கேதான் சங்கடம். சாதாரண விளையாட்டுப் பெட்டி கெட்டுப்போனால் பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கலாம். அதிலிருந்து உறுப்பைக் கழற்றி இதில் போடலாம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று காட்டும் வரைபடமும் எங்காவது அகப்படும். மாதிரிப் பெட்டிக்கு இதெல்லாம் ஏது? வரைபடம் கம்பெனிக்குள்ளேயே முடங்கியிருக்கும். உதிரி உறுப்பு கிடையாது. கெட்ட பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட நல்ல பெட்டியும் கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஸ்குரூவைத் திருகும்போது உளுத்துப்போன பிளாஸ்டிக் உடையலாம். அளவுக்கருவியின் ஊசி வழுக்கி இரண்டு கம்பிகளைத் தொட்டால் பாதி உயிரோடு இருக்கும் பெட்டி முழுக்கவே போய்விடும். ஊரில் ஒரே ஒரு குழந்தை, அதற்கு ஆபரேஷன். கத்தியை எடுக்க எந்த வைத்தியருக்குத்தான் கை நடுங்காது?

ஆனாலும் டீபோல்ட் துணிந்தார். 2016-ஆம் ஆண்டில் பெட்டி விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போயிற்று. அங்கே பென்ஜமின் ஹெக்கண்டார்ன் என்பவர் இருக்கிறார். 'பென் ஹெக்' என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் வைத்து ஆடும் பெரிய பெட்டிகளைப் பிரித்து, கையில் எடுத்துப்போகும் அளவுக்குச் சுருக்கிக் கட்டுவதில் பெயர் வாங்கியவர். அந்தப் பெட்டியை அவர் திறந்தார். காமிராவும் பக்கத்தில் நின்றது.

உள்ளே என்ன?

உள்ளே இருந்தது இரண்டு பெட்டிகளின் சேர்க்கை. ஒரு பக்கம் சூப்பர் பாமிகாமின் சில்லுகள். இவை கடையில் விற்ற யந்திரத்தில் இருப்பவைதான். ஆகவே எங்கே என்ன மின்னழுத்தம் இருக்க வேண்டும் என்பது தெரியும். மறுபக்கம் சி.டி. ஓட்டும் பாகம். அங்கேதான் இருட்டு.

சி.டி. பாகம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மெக்கானிக்கின் கஷ்டம் புரியும். தட்டை உள்ளே தள்ளியதும் முதலில் லேசர்க் கண் உட்புற ஓரத்துக்கு நகருகிறது. பிறகு அதன் சிறிய லென்ஸ் மேலும் கீழும் அசைந்து தட்டின் பரப்பைத் தேடுகிறது. பரப்பு தெளிவாகத் தெரிந்தால்தான் தட்டு சரியாகச் சுழலும். சுழன்றால்தான் தட்டின் ஆரம்பத்தில் உள்ள பொருளடக்கத்தைப் படிக்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சுமார் 600-ல் ஒரு பங்கு. அந்தக் கோட்டைவிட்டு லேசர் விலகக்கூடாது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பலன் ஒன்றே. பெட்டி, தட்டே இல்லை என்று சொல்லிவிடும். எந்தக் கண்ணி அறுந்தது என்று மட்டும் சொல்லாது!

இந்த வயதுப் பெட்டிகளில் போலீஸ் முதலில் பிடிக்கும் கேடி போல ஒருவன் உண்டு. அவன்தான் கண்டென்சர். மின்சாரத்தைத் தேக்கி, ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் சிறு டப்பா. அதற்குள் ஒரு திரவம் இருக்கிறது. இருபது இருபத்தைந்து வருஷத்தில் அது கசியும், அல்லது உலர்ந்துவிடும். கசிந்தால் பலகையில் ஓடும் செம்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். வெளியில் பார்த்தால் டப்பா நல்ல பிள்ளையாகவே நிற்கும்! ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர்களைக் கேட்டால் இந்த நல்ல பிள்ளையின் யோக்கியதையைக் கதை கதையாகச் சொல்லுவார்கள்.

இரண்டாவது சந்தேகம், பலகைக்குப் பலகை ஓடும் பட்டைக் கம்பிகள். பரணில் கோடை வெப்பமும் குளிர்காலக் குளிரும் மாறி மாறித் தாக்கினால் அவற்றின் முனைகளில் களிம்பு ஏறும். பிடிப்புத் தளரும்.

தெரிந்த பாதியிலிருந்து தெரியாத பாதிக்கு ஒவ்வோர் அடியாக நகருவதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே மின்சாரம் வருகிறதா? வருகிறது. அடுத்த இடத்தில்? அங்கேயும் வருகிறதா, இல்லையா? வரவில்லை என்றால் நடுவில் எது குடித்துவிட்டது? இப்படி நாள் கணக்கில் நடக்கிற வேலை இது. பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். செய்கிறவனுக்கோ சலிப்படைய உரிமையில்லை. சலித்த கை வழுக்கும்.

2016-ல் பெட்டியின் குடலும் ஈரலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. ஆனால் சி.டி. பாகம் எழுந்திருக்கவில்லை.

அந்தக் காலைப் பொழுது

2017 மே மாதம். ஹெக்கண்டார்ன் மறுபடியும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. என்றாலும் இது நடக்கிற காரியமில்லை என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டார். அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வந்தார். இன்னும் சிறிது நேரம்தான் பார்ப்பது என்ற எண்ணத்தோடு கம்பிகளை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டார். மின்சாரம் கொடுத்தார்.

தட்டு ஓடியது!

அப்படியானால் அத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்தானா? கம்பியை ஆட்டினால் போதுமாயிருந்ததா? அப்படிச் சொல்வது நியாயமல்ல. தட்டினால் பாடும் ரேடியோ பல வீடுகளில் இருந்ததுண்டு. மற்ற உறுப்புகள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தால்தான் தட்டுக்கு அது பாடும். மின்சாரம் சேரவேண்டிய இடத்துக்கெல்லாம் சேர்ந்த பிறகு, கடைசியில் ஒட்டியும் ஒட்டாமலும் நின்ற ஒரு பிடிப்பு ஒட்டிக்கொண்டது. ஹெக்கண்டார்னும் இதைத் தன் சாமர்த்தியம் என்று பீற்றிக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னார். அதுவே அவர்மேல் மதிப்பை உயர்த்துகிறது.

பெட்டி முதலில் பாட்டுத் தட்டைப் பாடியது. விளையாட்டு? அதில்தான் வேடிக்கை. இந்தப் பெட்டிக்கென்று சி.டி.யில் ஒரு விளையாட்டுகூட விற்பனைக்கு வந்ததில்லை. எப்படி வரும்? பெட்டியே வரவில்லையே!

ஆனால் பெட்டியோடு ஒரு கார்ட்ரிட்ஜ் கிடைத்திருந்தது. சி.டி. பாகத்தை ஆட்டிவைக்கும் கட்டளைகள் அதற்குள்தான் இருந்தன. 2016-ல் அவற்றைப் பிரதி எடுத்து ஆராய்ந்தார்கள் ஆர்வலர்கள். தட்டில் எதை எப்படி எழுதினால் பெட்டி படிக்கும் என்று கண்டுகொண்டு, 'சூப்பர் பாஸ் கைடன்' என்ற விளையாட்டையும் எழுதி முடித்தார்கள். ஓட்டிப் பார்க்கத்தான் உலகில் பெட்டி இல்லாமல் இருந்தது. 2017-ல் அந்த விளையாட்டைத் தட்டில் பதிந்து ஹெக்கண்டார்ன் உள்ளே தள்ளினார். சிகாகோ மேடையில் அறிவித்து 26 வருஷத்துக்குப் பிறகு, சோனி-நின்டெண்டோ பெட்டி சி.டி. விளையாட்டு ஆடியது!

விலை என்ன?

அதன்பிறகும் டீபோல்டும் மகனும் பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நார்வே நாட்டிலிருந்து ஒருவர் 12 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னாராம். டீபோல்ட் கொடுக்கவில்லை. அப்புறம் யோசித்தார். பெட்டியைச் சுமந்து அலைந்த பயணங்களில் கைக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. எத்தனை நாள் சுமப்பது?

2020-ல் பெட்டி மறுபடியும் ஏலத்துக்கு வந்தது. இந்தத் தடவை டல்லஸ் நகரத்து ஹெரிடேஜ் ஏலக் கம்பெனியில். மார்ச் 6-ஆம் தேதி ஏலம் 3 லட்சம் டாலரில் நின்றது. ஏலக் கம்பெனியின் கட்டணத்தையும் சேர்த்து 3,60,000 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல்.

வாங்கியவர் கிரெக் மெக்லெமோர். பெட்ஸ்.காம் என்ற கம்பெனியை ஆரம்பித்தவர். பழைய விளையாட்டு யந்திரங்களைச் சேகரிப்பவர். அவருடைய யந்திரங்களின் வரிசையில் இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது.