உங்களுக்குத் தெரியுமா?

கடையில் ஒரு பிராண்டின் பெயரைப் பார்த்து வாங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி), பல நேரம் அந்தக் கம்பெனி செய்வதே இல்லை! வேறொரு நிறுவனம் செய்துகொடுக்க, பெயர் மட்டும் ஒட்டப்படுகிறது. அப்படிச் செய்துகொடுக்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று தைவானின் டெல்டா (தொடக்கம் 1971). அதற்கு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே, குருபரப்பள்ளியில், ஓர் ஆலை இருக்கிறது.

● 650 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். எப்போதும் 650 வாட்ஸ் இழுக்காது. கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் கொடுக்கும். 80 சதவீதத் திறன் உள்ளது 300 வாட்ஸ் கொடுக்க, சுவரிலிருந்து 375 எடுக்கும். மிச்சம் 75 வெப்பமாகப் போகிறது.

● ஓசூர்க்காரர்களே, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பேரம் பேசும் முன், பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படியுங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் வாழ்வது 12 வோல்ட் வரியில்தான். 650 வாட்ஸ் பெட்டியில் அங்கே 54 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 54 = 648 வாட்ஸ்; சரியான சரக்கு. "450 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 12 வோல்ட் வரியில் 15 ஆம்பியர் மட்டும் காட்டினால் கிடைப்பது 180 வாட்ஸ்தான். தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

● கழற்றி மாட்டும் கேபிள்களை வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகவே கூடாது. பிளக் பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாறியிருந்தால், ஆன் செய்த நொடியில் ஹார்ட் டிஸ்க் போய்விடலாம்.