வெறும் கிண்ணம் திரும்பலாமா?

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் பாயசம் வருகிறது. சாப்பிட்டுக் கழுவிய கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது. இரண்டு வாழைப்பழமாவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசிக்கொள்ளும் ஹாம்களின் க்யூஎஸ்எல் அட்டை போய்வருவதும் இந்த வழக்கப்படிதான்.

சூரிச்சில் ஒருவர் குளிர்கால இரவு எட்டு மணிக்கு, 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் யாழ்ப்பாணத்து ஹாம் ஒருவரைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சூரிச்காரருடைய அழைப்புக் குறி எச்பி9 என்று தொடங்கும். கேட்டதுமே சுவிஸ் என்று தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தவருடையது 4எஸ்7, இலங்கை. குரல் தெளிவாக இருந்தால் 'ஐந்து ஒன்பது' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஐந்து, பேச்சு முழுதும் புரிகிறது என்பதற்கு. ஒன்பது, வந்துசேரும் அலையின் வலிமைக்கு. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. தாளிப்பு வாசனை மாதிரி காற்றோடு போய்விடும். அது நடந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே, அதற்குத்தான் அட்டை. தந்திக்காரர்களின் சுருக்கக் குறியில் க்யூஎஸ்எல் என்றால் 'வந்து சேர்ந்தது, உறுதி சொல்கிறேன்' என்று பொருள்.

அட்டை அஞ்சலட்டை அளவு: 9 சென்டிமீட்டருக்கு 14. ஒரு பக்கம் மாட்டர்ஹார்ன் சிகரமோ சொந்த ஊரோ படமாக இருக்கும். மறுபக்கம்தான் சமையல் குறிப்பு: இருவரின் அழைப்புக் குறி, தேதி, நேரம், அலைவரிசை, குரலா மோர்ஸா என்ற விவரம், அந்த ஐந்து ஒன்பது.

நேரத்தில்தான் பலருக்கும் பிசகும். சூரிச்சில் இரவு எட்டு என்றால் யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு தாண்டி 12.30. தேதியே மாறிவிட்டது! ஒரு வீட்டு டம்ளரால் அரிசியும் இன்னொரு வீட்டு டம்ளரால் தண்ணீரும் அளந்தால் சோறு குழைந்துபோகும். அதனால் இருவரும் உலகப் பொது நேரம் என்ற ஒரே படியால் அளக்கிறார்கள். இருவர் பதிவேட்டிலும் 19.00 என்றே இருக்கும். தவறிப்போய்க் கை பிசகினால் அடித்துத் திருத்தக் கூடாது. அட்டைகளைச் சேர்த்துக் காட்டி வாங்கும் விருதுகளுக்குத் திருத்திய அட்டை செல்லாது. உப்புக் கூடிய குழம்பைச் சரிக்கட்டுவது இங்கே நடக்காது, புது அட்டை எடுத்து எழுதவேண்டியதுதான்.

மூலையில் ஒரு சின்னக் குறி உண்டு. 'உங்கள் அட்டையை அனுப்புங்கள்' அல்லது 'உங்கள் அட்டை கிடைத்தது, நன்றி.' கிண்ணம் போகிறதா, திரும்புகிறதா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சரி, எப்படிப் போய்ச் சேர்கிறது? நூறு அட்டைக்கு நூறு வெளிநாட்டுத் தபால்தலை என்றால் சுவிஸ் சம்பளத்துக்கும் கட்டாது. அங்கேதான் பியூரோ வருகிறது. 1929இல் தொடங்கிய சுவிஸ் ஹாம்களின் ஒன்றியமான உஸ்கா, தன் உறுப்பினர்களுக்காக இதை நடத்துகிறது. பெரிய அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு ஒரு கிண்ணம், சீரகம் ஒரு கிண்ணம் என்பதுபோல ஜப்பானுக்கு ஓர் அறை, பிரேசிலுக்கு ஓர் அறை. அறை நிறைந்ததும் ஒரே பொட்டலமாக அந்த நாட்டுப் பியூரோவுக்குப் போகும். அங்கே ஆள் ஆளாகப் பிரிப்பார்கள். மலிவுதான். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சில வேளை வருடமும் தாண்டும்.

பொறுக்க முடியாதவர்கள் நேரே கடிதம் போட்டு, உள்ளே சுயவிலாசமிட்ட உறையும், பதில் தபால் செலவுக்கான சர்வதேச மறுமொழிக் கூப்பனும் வைத்து அனுப்புவார்கள். திருப்பி வைக்கவேண்டிய சர்க்கரையையும் நாமே கொடுத்தனுப்புவது போல. அந்தக் கூப்பனும் சுவிஸோடு தொடர்புடையதே: பெர்னில் தலைமையகம் கொண்ட உலக அஞ்சல் ஒன்றியம் 1906 ரோம் மாநாட்டில் ஏற்படுத்திய ஏற்பாடு அது.

அட்டை சேர்ப்பவர்களுக்கு நாடு என்பது தனி அடுப்புக் கணக்கு. ஜெனீவாவில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தலைமையகத்திலிருந்து 4யூ1ஐடியூ என்ற நிலையம் 1962 முதல் ஒலிக்கிறது. ஊர் சுவிஸ் ஊர்தான். ஆனாலும் நூறு 'நாடுகளை' உறுதிசெய்யும் டிஎக்ஸ்சிசி விருதுக்கு அது தனிக் கணக்கு. சுவிஸுக்குள்ளேயே 26 மாநிலங்களையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அப்பென்செல் இன்னர்ரோடன் போன்ற குட்டி மாநிலத்து ஹாமுக்காகக் காத்துக்கிடப்பார்கள்.

2003 முதல் லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் என்ற கணினி வழி இருக்கிறது. இருவர் பதிவும் பொருந்தினால் உடனே உறுதி. கணக்குக்கு அது போதும். எனக்கு என்னவோ, யாரோ ஒருவர் மை தொட்டு எழுதிய எண்கள்தான் வேண்டியிருக்கிறது.

சூரிச் அட்டை யாழ்ப்பாணம் வந்து சேர அடுத்த மழைக்காலம் ஆகிவிடலாம். வாங்கியவர் பழைய பதிவேட்டைப் புரட்டி, அந்தத் தேதியில் விரலை ஓட்டுகிறார். 19.00, எச்பி9, ஐந்து ஒன்பது. இருக்கிறது. தன் அட்டை ஒன்றை எடுத்து அதே எண்களை எழுதி, மூலையில் 'கிடைத்தது, நன்றி' என்ற கட்டத்தில் குறியிட்டு, சுவிஸுக்குப் போகும் கட்டோடு சேர்த்து வைக்கிறார்.